பின்னம் தெரியாமல் 35 வாங்கும் வித்தை

பத்தாம் வகுப்புக் கணக்கில் ஒரு பிள்ளையை 35 எடுக்க வைப்பது எப்படி என்று தமிழ்நாட்டில் எந்தக் கணக்கு ஆசிரியரைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வார். வடிவியல் 8, வரைபடம் 8. இரண்டும் கை பழகினால் போதும், மூளை அதிகம் வேண்டாம். ஒரு மதிப்பெண் வினாக்கள் மொத்தம் 14. பெரும்பாலும் புத்தகப் பயிற்சியிலிருந்தே வருபவை. பொங்கல் முடிந்த கையோடு தினமும் காலையில் ஒப்பிக்க வைத்தால் அதில் ஒரு 10 தேறும். முதல் பாடத்திலிருந்து கார்டீசியன் பெருக்கல் ஒன்று, 2 மதிப்பெண். அதையே கொஞ்சம் நீட்டிச் சரிபார்க்கச் சொல்லும் கணக்கு, 5 மதிப்பெண். ஆக 33 ஆயிற்று. இன்னும் ஒரு இரண்டு மதிப்பெண் கணக்குக்கு சூத்திரத்தையாவது எழுதி வைத்துவிட்டு வந்தால் கரையேறிவிடலாம்.

இப்படிக் கரையேறிய பிள்ளையைக் கூப்பிட்டு 1/3 பெரிதா 1/4 பெரிதா என்று கேட்டுப் பாருங்கள். நாலு பெரிசுதானே டீச்சர் என்பான். அவன் அடுத்து ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் சேருவான். அங்கே அளவுகோலை வைத்துக்கொண்டு முழிப்பான்.

பத்தாம் வகுப்பு ஆசிரியரை இதில் நான் குற்றம் சொல்ல மாட்டேன். கையில் இருப்பது ஒரே வருடம். அந்த 35 இல்லாவிட்டால் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பையனின் படிப்பு அன்றோடு சரி. மறுவாரம் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் நிற்பான். அந்த வித்தை தெரிந்த ஆசிரியர் புண்ணியவான் என்றுதான் சொல்வேன். என் கேள்வி வேறு. பின்னம் தெரியாமலேயே அவன் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று எப்படிக் கடந்து வந்தான்? ஒவ்வொரு வருடமும் அவன் பெயருக்கு எதிரே நாங்கள் ஒரு மதிப்பெண் எழுதியிருக்கிறோமே, அது எதைச் சொன்னது?

நான் சாத்தூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆறு, ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். இடைநிலை ஆசிரியராக ஒரு தொடக்கப் பள்ளியில் சேர்ந்து, பதவி உயர்வில் இங்கே வந்தவள். அதனால் இந்தப் பிள்ளைகளின் இரண்டு கரையையும் பார்த்திருக்கிறேன்.

மதிப்பெண் பதிவேட்டில் எனக்கு முதல் எரிச்சல் சராசரி மேல்தான். பின்னத்தில் மூன்று சிறுதேர்வு வைக்கிறோம் என்று வையுங்கள். ஒருத்தி 100-க்கு 10, அப்புறம் 40, அப்புறம் 90 எடுக்கிறாள். இன்னொருத்தன் 90, 40, 10. இரண்டு பேருக்கும் சராசரி 47. ஒருத்தி கற்றுக்கொண்டுவிட்டாள், இன்னொருத்தனுக்கு என்னவோ ஆகியிருக்கிறது, உடனே விசாரிக்க வேண்டும். பதிவேடு இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கிறது. போன வாரம் காய்ச்சல் 103, இன்றைக்கு 98.6, ஆகவே சராசரிக் காய்ச்சல் 100.8 என்று மாத்திரை எழுதும் டாக்டர் எங்கேயும் கிடையாது.

இரண்டாவது எரிச்சல், அந்த எண் எதையெல்லாம் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது என்பது. '20-க்கு 12' என்றால் என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை? நோட்டு அழகாக இருந்ததற்கு எத்தனை, சார்ட் ஒட்டியதற்கு எத்தனை, கணக்குக்கு எத்தனை? 2012-ல் முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் வைக்கும் தொகுத்தறித் தேர்வுக்கு 60 என்று பிரித்தார்கள். வளரறி மதிப்பீடு என்பது பிள்ளை எங்கே நிற்கிறது என்று நடுவழியில் பார்த்துக் கை கொடுப்பதற்காக வந்தது. நடைமுறையில் அந்த 40 தெர்மாகோலும் ஜிகினாத் தாளுமாகப் போயிற்று. கடைக்காரர்களுக்கு நல்ல வியாபாரம்.

அதனால் நான் தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இடப்பக்கம் பெயர்கள். மேலே மதிப்பெண்ணுக்குப் பதில் திறன்கள். சமான பின்னம் எழுதுதல், ஓரினப் பின்னங்களைக் கூட்டுதல், வேற்றினப் பின்னங்களை ஒப்பிடுதல், அவற்றைக் கூட்டுதல் கழித்தல், கலப்பு பின்னத்தைத் தகா பின்னமாக மாற்றுதல், கடைசியாக வாக்கியக் கணக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வட்டம். தெரியவில்லை என்றால் காலி வட்டம். கைபிடித்தால் செய்கிறான் என்றால் அரை வட்டம். முழு வட்டம் வேண்டுமானால் வெவ்வேறு இரண்டு நாட்களில், வெவ்வேறு எண்களோடு, யாரையும் பார்க்காமல் செய்திருக்க வேண்டும். எல்லாமே பென்சிலில். பேனாவில் எழுதினால் பிள்ளைகள் அதைத் தலைவிதி என்று நம்பிவிடுகிறார்கள்.

சிறுதேர்வு என்றால் ஒரே திறன், நாலைந்து கணக்கு, கால் மணி நேரம். கடைசிக் கேள்வியை மட்டும் கொஞ்சம் திருகி வைப்பேன். '1/2 + 1/3-ன் விடை ஒன்றைவிடக் கூடுமா, குறையுமா? கூட்டிப் பார்க்காமல் சொல்.' எண்ணை மாற்றிப் போட்டு வழிமுறையை மட்டும் பழகியவன் அங்கே மாட்டிக்கொள்வான்.

இதுவரை சொன்னதெல்லாம் எளிது. நோட்டுப் போடுவதும் வட்டம் வரைவதும் யாரும் செய்யலாம். மறுதேர்வு வைப்பதும் பெரிய விஷயமல்ல. என் அனுபவத்தில் இந்த முறை நிற்பதும் விழுவதும் ஒரே இடத்தில்தான். காலி வட்டம் வாங்கிய பிள்ளைக்கு இரண்டாவது தடவை என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? முதல் தடவை சொன்னதையே கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் உரக்க, கொஞ்சம் கோபமாகச் சொல்வதற்குப் பெயர் மறுகற்பித்தல் இல்லை. மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுத்துக் கூட்டு என்றால் புரியாதவனுக்கு இன்னொரு முறை மீ.சி.ம. என்றால் மட்டும் எப்படிப் புரியும்?

எங்கள் வகுப்பில் மளிகைக் கடைக்காரர் மகன் ஒருவன். 1/2 + 1/4 என்று போர்டில் எழுதினால் 2/6 என்பான். மேலேயும் மேலேயும் கூட்டு, கீழேயும் கீழேயும் கூட்டு. பக்கத்தில் உட்கார வைத்து, "அரைக் கிலோ பருப்புக்கு மேல கால் கிலோ போட்டா எவ்வளவுடா?" என்று கேட்டேன்.

"முக்கால், டீச்சர்." கண்ணிமைக்கவில்லை.

"அப்ப இங்க ஏன் 2/6 போட்டிருக்க? 2/6 அரையவிடக் குறைச்சல் தெரியுமா? பருப்பு போடப் போட குறையுமா?"

"அது கடைக் கணக்கு டீச்சர். இது நோட்டுக் கணக்கு."

அவனிடம் பின்னம் இல்லாமல் இல்லை. ரொம்ப நாளாகவே இருக்கிறது, கடையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறான். அவனுக்கு மீ.சி.ம.வை மறுபடி நடத்துவதில் பிரயோஜனமே இல்லை. அவனுக்குத் தராசிலிருந்து தொடங்க வேண்டும். முக்கால் என்பதை கால், கால், கால் என்று பிரிக்கச் சொன்னேன். அரையில் எத்தனை கால் என்று கேட்டேன். இரண்டு. ஆக இரண்டு காலும் ஒரு காலும். 2/4 + 1/4. "கீழ இருக்கிறத கூட்டக் கூடாதா அப்ப?" என்று அவனே கேட்டான். அதற்கப்புறம் மீ.சி.ம. என்ற சொல்லை எடுத்தேன்.

கடை இல்லாத பிள்ளைகளுக்குக் காகிதப் பட்டை. பழைய தினசரியின் ஓரத்தை ஒரே நீளத்தில் வெட்டி, ஒன்றை இரண்டாக, ஒன்றை மூன்றாக, ஒன்றை ஆறாக மடிக்கச் சொல்வேன். பாதிப் பட்டையையும் மூன்றில் ஒரு பங்கையும் ஒட்டி வைத்தால் இரண்டையும் மிச்சமில்லாமல் அளக்கிற துண்டு எது? ஆறில் ஒன்று. பாதிக்குள் மூன்று, மூன்றில் ஒன்றுக்குள் இரண்டு, மொத்தம் ஐந்து. மூன்றாக மடிப்பதுதான் பாடு. பாதி வகுப்புக்கு அது வளைந்து நெளிந்துதான் வரும். வந்தால் போதும். இப்படி ஒரு திறனுக்கு குறைந்தது இரண்டு வேறு வேறு வழி என் கையில் இல்லை என்றால், அந்தத் திறனுக்கு மறுதேர்வே வைப்பதில்லை. வைத்து என்ன ஆகப்போகிறது.

இந்த ஞானம் எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், அட்டைகளிடமிருந்து. செயல்வழிக் கற்றல் காலத்தில் தொடக்கப் பள்ளியில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான முறை அது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்தது. அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதைக் கையில் எடுத்து நடத்தினார். 2007-08-ல் மாநிலம் முழுக்க ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை விரிந்தது. பெஞ்ச் போயிற்று, பாய் வந்தது. சுவரைச் சுற்றிப் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை, ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு கட்டம். பாடமெல்லாம் ஏணிப்படியாகத் தொங்கும். பிள்ளை தன் படி எது என்று பார்த்து, அந்தச் சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துவந்து உட்காரும். முடித்தால் மதிப்பீட்டு அட்டை. அது சரியாக வந்தால் அடுத்த படி, வராவிட்டால் வலுவூட்டும் அட்டை.

அதில் ஒன்று எனக்கு இன்றைக்கும் பிரமிப்பு. பருத்தி எடுக்கிற சமயத்தில் எங்கள் பிள்ளைகள் தொடர்ந்து சில நாள் வரமாட்டார்கள். திரும்பி வந்தால் வழக்கமான வகுப்பில் பாடம் எங்கேயோ போயிருக்கும். ஏணிப்படியில் அப்படி இல்லை. விட்ட படியில் அதே அட்டை காத்திருக்கும். 'நீ பின்தங்கிவிட்டாய்' என்று யாரும் சொல்லவே வேண்டியதில்லை. ஒன்றை முழுதாகக் கற்ற பிறகே அடுத்ததற்குப் போகிற முழுத் தேர்ச்சி முறையை, மாஸ்டரி லேர்னிங் என்று அமெரிக்கப் புத்தகங்கள் எழுதுவதை, ஈராசிரியர் பள்ளி ஒன்றில் பாயில் உட்கார்ந்து நாங்கள் செய்து பார்த்திருக்கிறோம்.

ஆனால் வலுவூட்டும் அட்டையில் என்ன இருந்தது? பெரும்பாலும் அதே மாதிரிக் கணக்கு, இன்னும் கொஞ்சம். நான் ஒரு குழுவோடு உட்கார்ந்திருக்கும்போது மற்றக் குழுக்கள் தாமாகவே நகர வேண்டும். புரியாமல் நின்ற பிள்ளைக்கு வேறு வழியில் சொல்ல அங்கே ஆள் இல்லை, அட்டைக்கு வாய் இல்லை. பக்கத்துப் பிள்ளையின் விடையைப் பார்த்து எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போகும். பார்வையிட வருகிற ஆசிரியர் பயிற்றுநரும் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்றுதான் முதலில் கேட்பார். அதனால் நாங்களும் கொஞ்சம் தள்ளிவிடுவோம், மறைக்க என்ன இருக்கிறது. பெற்றோர் தனியாகச் சண்டைக்கு வருவார்கள். புத்தகம் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, இது என்ன பள்ளிக்கூடம் என்று. ஐந்தாம் வகுப்புக்குப் போனதும் மறுபடி புத்தகம், மறுபடி எல்லோருக்கும் ஒரே வேகம். ஏணி பாதியில் முடிந்து வெட்டவெளியில் நிற்கும்.

தொடக்க வகுப்புகளுக்காக 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் நடத்துகிறார்கள். அடிப்படை எண்ணம் இதேதான், நல்ல எண்ணம். எனக்கு அதில் ஒரே ஒரு அளவுகோல்தான். ஜூனில் அரும்பில் இருந்த பிள்ளை மார்ச்சில் எங்கே இருக்கிறது? குழு மாறிக்கொண்டே இருந்தால் அது கற்பித்தல். மாறவே இல்லை என்றால் பூவின் பெயரில் இன்னொரு கடைசி பெஞ்ச்.

பி.எட். படித்தவர்களுக்கு பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளர் என்றால் அறிவு, புரிதல், பயன்படுத்துதல் என்ற அந்த வரிசை மட்டும் ஞாபகம் வரும். வினாத்தாள் வடிவமைப்புக்கு அதைக் கட்டம் போட்டு நிரப்பியே நம் ஆயுள் கழிந்தது. அந்த மனிதர் 1950-களின் கடைசியில் இந்தியாவுக்கே வந்து தேர்வுச் சீர்திருத்தத்துக்காக ஆசிரியர்களோடு உட்கார்ந்து வேலை செய்தவர். அவர் 1968-ல் எழுதியதுதான் இங்கே முக்கியம். ஜான் கேரல் என்பவர் 1963-ல் திறமையை வேறு மாதிரிப் பார்த்தார். ஒருவருக்கு ஒன்றைக் கற்க எவ்வளவு நேரம் தேவை என்பதுதான் திறமை என்றார். புளூம் அதைப் பிடித்துக்கொண்டு, நேரமும் தகுந்த உதவியும் கொடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் நாம் கற்பிப்பதை முழுதாகக் கற்றுவிட முடியும் என்றார். நாம் என்ன செய்கிறோம்? எல்லோருக்கும் ஒரே நேரம் கொடுத்துவிட்டு, தேர்ச்சி ஆளுக்கு ஆள் மாறுவதைப் பார்த்து இவன் மக்கு, இவள் கெட்டி என்கிறோம்.

எதிர்ப்பும் உண்டு. ராபர்ட் ஸ்லாவின் என்ற ஆய்வாளர் 1987-ல் முழுத் தேர்ச்சி முறை பற்றிய ஆய்வுகளையெல்லாம் பிரித்துப் பார்த்து, ஆசிரியரே தயாரித்த தேர்வில் பலன் தெரிகிறது, பொதுத் தரத் தேர்வு வைத்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியவில்லை என்று எழுதினார். அந்தக் கூடுதல் நேரம் எங்கிருந்து வருகிறது, வேகமாகக் கற்கிற பிள்ளையிடமிருந்து பிடுங்கித்தானே என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு என் பதில் கஞ்சத்தனம்தான். எல்லாப் பாடத்துக்கும் நான் வட்டம் போடுவதில்லை. பின்னம், முழுக்கள், விகிதம், எளிய சமன்பாடு. இந்த நான்கும் இல்லாமல் எட்டாம் வகுப்புக்குப் போனால் பிள்ளை மூழ்கிவிடும். அதனால் இவற்றுக்கு மட்டும் எவ்வளவு நாள் ஆனாலும் நிற்பேன். படவிளக்கம், டேன்கிராம் எல்லாம் ஓட்டமாகவே போகும். அதில் கொஞ்சம் விட்டுப்போனால் குடி முழுகாது.

முன்னமே முழு வட்டம் வாங்கிய பிள்ளைகளைச் சட்டாம்பிள்ளை ஆக்குவது நம் ஊர்ப் பழக்கம். திண்ணைப் பள்ளியில் மூத்த பையன்தான் இளையவனுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக் கொடுப்பான். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னை எழும்பூர் அனாதை ஆசிரமப் பள்ளியில் இருந்தபோது பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, அதை அங்கே கொண்டுவந்து, மூத்த பிள்ளைகளை வைத்தே பாடம் நடத்தி, 1797-ல் லண்டனில் புத்தகமாகவும் போட்டார். மெட்ராஸ் முறை என்று இங்கிலாந்து முழுக்கப் பரவியது. திண்ணையில் ஒரு சுவடியை ஒப்பிக்காமல் அடுத்ததற்குப் போக முடியாது, அந்த அளவில் அதுவும் முழுத் தேர்ச்சி முறைதான். ஆனால் அங்கே யார் உட்கார முடிந்தது, யாரை வாசலிலேயே நிறுத்தினார்கள், முதுகில் எத்தனை பிரம்படி விழுந்தது என்பதெல்லாம் தெரிந்தவர்கள் அதைக் கொண்டாட மாட்டார்கள்.

எனக்குச் சட்டாம்பிள்ளைகள் வேண்டாம். கெட்டிக்காரப் பிள்ளையும் கற்கத்தான் வருகிறது, சம்பளமில்லாத ஆசிரியராக இருக்க இல்லை. அவர்களுக்கு வேறு தீனி போடுவேன். தொகுதியில் 1 மட்டும் இருக்கிற பின்னங்களை வைத்து, ஒன்றையே இரண்டு முறை எழுதாமல், 4/5-ஐக் கொண்டுவா என்பேன். பழைய எகிப்தியர்கள் பின்னம் எழுதியது அப்படித்தான். 1/2, 1/4, 1/20 என்று ஒருத்தி கண்டுபிடித்த அன்று சத்துணவு மணி அடித்தும் எழுந்து போகவில்லை.

சக ஆசிரியர்கள் கேட்கிற கேள்வி, "மறுபடி மறுபடி எழுதி முழு மதிப்பெண் வாங்கலாம்னா, முதல் தடவையே ஒழுங்காப் படிச்சவனுக்கு என்ன மரியாதை?" அவனுக்கு மரியாதை அன்றைக்கே கிடைத்துவிட்டது, அடுத்ததற்குப் போய்விட்டான். பிந்தி வந்தவனுக்குக் குறைத்துப் போட்டால்தான் முந்தி வந்தவனுக்கு மகிழ்ச்சி என்றால், அது அவனுக்கு நாம் சொல்லிக்கொடுத்த மகிழ்ச்சி.

"அப்புறமா எழுதிக்கலாம் டீச்சர்" என்று தள்ளிப்போடும் கூட்டம் மட்டும் நிஜத் தொல்லை. அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். மறுதேர்வுக்கு வருகிறவர் திருத்தத் தாள் கொண்டுவர வேண்டும். தப்பாய்ப் போன கணக்கு, சரியான விடை, எங்கே இடறியது என்று சொந்த வார்த்தையில் ஒரு வரி. 'கவனக்குறைவு' என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன், அது பெரியவர்களின் சாக்கு. தொகுத்தறித் தேர்வு தொடங்கும் வரைதான் கெடு. மதிப்பெண் ஏற்றுகிற பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்துக்கு வட்டமெல்லாம் தெரியாது, எண்தான் கேட்கும். அதனால் வளரறி 40-ல் சிறுதேர்வுகளுக்கான (ஆ) பகுதியின் 20 மதிப்பெண்ணை, அன்றைக்கு நோட்டில் நிற்கிற வட்டங்களை வைத்துப் போடுகிறேன். ஜூலையில் காலியாக இருந்தது என்பது கணக்கில் வராது.

இந்த வருடம் ஒரு புது விஷயம் கண்ணில் பட்டது. முதல் ஐந்து கட்டங்களிலும் முழு வட்டம் வாங்கிய பிள்ளைகள் சிலர் தொகுத்தறித் தேர்வில் சறுக்கினார்கள். நோட்டைப் பார்த்தால் அவர்களுக்கெல்லாம் கடைசிக் கட்டம், வாக்கியக் கணக்கு, காலி. ஒரு கணக்கை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். 'ஒரு தொட்டியில் 3/4 பங்கு நீர் உள்ளது. அதில் 1/3 பங்கு பயன்படுத்தப்பட்டால் மீதமுள்ள நீர் தொட்டியில் எவ்வளவு பங்கு?' இரண்டாவது வாக்கியத்திலேயே தடுக்கி நிற்கிறார்கள். நானே தொட்டியைப் போர்டில் வரைந்து, பேச்சு வழக்கில் சொன்னால் பாதி என்று விடை வந்துவிடுகிறது. 'பயன்படுத்தப்பட்டால்', 'அதில்', 'மீதமுள்ள' இதெல்லாம்தான் அவர்களுக்குக் கணக்கு.

தமிழ் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார், அதுவே பெரிது. இப்போது வெள்ளிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கால் மணி நேரம் என் வாக்கியக் கணக்குகளை அவர் படிக்க வைக்கிறார். விடை கேட்பதில்லை. அதில் என்ன நடந்தது, யாரிடம் என்ன இருந்தது, எது போயிற்று, என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் சொல்ல வைக்கிறார். என் நோட்டில் கடைசிக் கட்டத்தை இரண்டாகப் பிரித்துவிட்டேன். படித்துச் சொல்வது அவர் பொறுப்பு, போட்டு முடிப்பது என் பொறுப்பு. அவர் பேனாவில் வட்டம் போடுகிறார். பென்சில் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.